பேரூர் பாடிய கச்சியப்ப முனிவர்

கொங்கு நாட்டில் தேவாரத் திருப்பதிகம் பெற்ற தலங்கள் ஏழு. அவினாசி, திருமுருகன்பூண்டி, பவானி எனப்படும் திருநணா, திருச்செங்கோடு, கருவூர், வெஞ்சமாக்கூடல், கொடுமுடி என்பன அவை. கோவை மாநகருக்கு மேற்கே, நொய்யல் என வழங்கும் காஞ்சிமாநதியின் கரையில் விளங்கும் பேரூர் அவ்வேழனுள் ஒன்றன்று. சுந்தரமூர்த்தி சுவாமிகள் தில்லையில் ஆடற்பெருமானைக் கண்டு பாடியபோது மேலைக் கொங்கின் பேரூர்ப் பெருமானை நினைந்து ஓதினார். அதனால் பேரூர் வைப்புத்தலம் ஆயிற்று; மேலைச் சிதம்பரம் என்னும் பெயரும் அதற்கு நிலைத்தது. ஆயினும் பட்டிப்பெருமானை மட்டுமே பொருளாகக் கொண்டு அடியார்கள் ஓதுதற்கு ஒரு பெருநூல் வேண்டும் என்னும் குறை நெடுங்காலம் இருந்தது. அக்குறையைப் 18ஆம் நூற்றாண்டில் தீர்த்தவர் திருவாவடுதுறை ஆதீனத்துக் கச்சியப்ப முனிவர்.

கந்தபுராணம் பாடிய காஞ்சிபுரம் கச்சியப்ப சிவாசாரியார் வேறு, இம்முனிவர் வேறு. பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கருதுவார் இன்றும் உளர். முன்னவர் காஞ்சிக் குமரகோட்டத்தில் முருகனைப் பூசித்த அருச்சகர். பின்னவர் துறவு பூண்ட மடத்துப் புலவர். தொண்டை நாட்டுத் திருத்தணிகையில் தோன்றியவர்.

முருகன் திருவடி பதிந்த மலையடியில் பிறந்து வளர்ந்த இவர் உரிய பருவத்தில் காவிரி நாட்டையடைந்து திருவாவடுதுறையிற் சேர்ந்து சின்மய தீக்கை முதலியன பெற்றார். இவருடைய இளமை பற்றி அற்புதக் கதை எதுவும் வழங்கவில்லை. ஐந்து வயதுவரை பேசாதிருந்து பின் வாய்திறந்து கவி பாடினார் என்றோ, கனவில் நாவில் எழுதப்பெற்றார் என்றோ ஒருவரும் சொன்னதில்லை. இக்காலத்தில் ஒருவரை மேதை எனக் கூற முதலில் தேடப்படும் அடையாளங்கள் இவைதாம். இவற்றுள் ஒன்றும் இல்லாத இவர் எவ்வாறு கவிராட்சசர் எனப் புலவர்கள் வியக்கும் நிலையை அடைந்தார் என்பதே இவர் வரலாற்றில் ஆராய்தற்குரியது.

அற்புதக் கதை இவருடைய ஆசிரியருக்கு உண்டு. பொதியமலைச் சாரலில் பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் ஆனந்தக்கூத்தர் என்பவருக்கும் மயிலம்மைக்கும் மகவாகப் பிறந்து முக்களாலிங்கர் எனப் பெயரிடப்பெற்ற சிறுவர், பள்ளியினின்று வீடு திரும்பும் வழியில் திருவாவடுதுறைத் துறவியர் சிலரைக் கண்டார். அவர்களைத் தம் இல்லத்துக்கு அமுதுசெய்ய அழைத்துச் சென்றார். தந்தையார் வெளியே சென்றிருந்தார். அன்னையார் வந்தவர்களை இன்முகத்துடன் உபசரித்தார். மகிழ்ந்த துறவியர்முன் அச்சிறுவர் தம் தாயின் கற்பினைப் புகழ்ந்து வெண்பா ஒன்றை அப்பொழுதே பாடினார் என்பது மரபு. அவரே பின்னாளில் சிவஞான போதத்துக்கு மாபாடியம் வரைந்த சிவஞான முனிவர். தருக்கமும் இலக்கணமும் சித்தாந்தமும் கவியும் ஒருவரிடத்தில் ஒருங்கே நிறைந்து நிற்பது தமிழ் வரலாற்றில் அரிதினும் அரிது. பிறவியிலேயே அமைந்த பேரறிவுக்கு எடுத்துக்காட்டு வேண்டுவார் இவரைக் காட்டலாம்.

இத்தகைய ஒருவரிடம் மாணாக்கராக இருப்பது எளிதன்று. ஆசிரியரின் ஒளியில் மாணவர் விளங்காது மறைந்துபோதல் உலகியல்பு. சிவஞான முனிவரிடம் பயின்றவர் பன்னிருவர் என்பர். தொட்டிக்கலைச் சுப்பிரமணிய முனிவரும், காஞ்சிபுரம் சிதம்பரநாத முனிவரும், இலக்கணம் சிதம்பரநாத முனிவரும் அவருட் சிலர். அவர்கள் நடுவே தலைமாணாக்கராக வைத்து எண்ணப்பட்டவர் கச்சியப்பரே. மடத்துப் பயிற்சி எத்தகையது என்பதை இக்காலத்தார் அறிந்துகொள்வது நன்று. நிகண்டு மனப்பாடம், பின் அந்தாதி, கலம்பகம் முதலிய சிற்றிலக்கியங்கள், அதன்மேல் புராணங்கள், நன்னூலும் தொல்காப்பியமும், கவி இயற்றப் பழகுதல், இவற்றோடு மெய்கண்ட சாத்திரம் பதினான்கு. ஒருவன் ஒரு பாட்டை எழுதிக் காட்டினால் ஆசிரியர் சீரைத் திருத்துவார், எதுகையை மாற்றுவார், முழுவதையும் தள்ளிவிட்டு மீண்டும் எழுதச் சொல்வார். பல ஆண்டுகள் இவ்வாறு கழியும். பாட்டு என்பது என்னுடையது என்னும் எண்ணம் அதற்குள் தேய்ந்துவிடும்.

அவ்வெண்ணம் ஆசிரியரிடத்தில் எவ்வளவு தேய்ந்திருந்தது என்பதற்குத் திருப்பாதிரிப்புலியூரில் நிகழ்ந்ததாக ஒரு வரலாறு கூறுவர். அவ்வூரில் குறித்த தொடர் ஒன்று அமையச் செய்யுள் பாடுவார்க்குப் பொற்கிழி என்று செல்வர் சிலர் அறிவித்தனர். வறியவர் ஒருவர் அதனைப் பெற விரும்பியும் பாடும் ஆற்றலின்றி வருந்தினார். அவ்வழியாக வந்த சிவஞான முனிவர் அச்செய்யுளைப் பாடி அவர் கையிற் கொடுத்தனுப்பினார்; பரிசும் அவருக்கே ஆயிற்று. கவி, கிழி இரண்டையும் பிறர்க்கு ஈந்த அப்பெரியாரிடத்திலேதான் கச்சியப்பர் பாடக் கற்றார்.

ஆசிரியரும் மாணவரும் காஞ்சிபுரத்தில் பல காலம் தங்கினர். காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டத்தைச் சிவஞான முனிவர் பாடினார். இரண்டாங் காண்டத்தைக் கச்சியப்பர் பாடினார். முதற்காண்டம் அரங்கேறியபோது அவையில் இருந்த சிலர் ஒரு தடை எழுப்பினர். காஞ்சிக்குத் தலைவர் ஏகாம்பரநாதராய் இருக்க, தில்லைக் கூத்தப்பெருமானை முதலில் வாழ்த்தியது ஏன் என்பது அவர்கள் வினா. ஆசிரியர் வாய்திறக்குமுன் கச்சியப்பர் எழுந்தார். அருகிருந்த ஓதுவாரை நோக்கி ஏகாம்பரநாதர் திருமுன் தேவாரம் ஓதுமாறு வேண்டினார். ஓதுவார் வழக்கம்போல் திருச்சிற்றம்பலம் என்று தொடங்கினார். அவ்வளவே, தடை கூறியவர்கள் தலை கவிழ்ந்தனர். காஞ்சியில் ஒவ்வொரு நாளும் தில்லையை முன்னிட்டே ஓதுகின்றனர் என்பதை நூலாசாரங் காட்டி வாதிடாமல் அவர்கள் செவியாலேயே கேட்கச் செய்தமை இவருடைய நுண்ணறிவுக்குச் சான்று. அவ்வறிவு புதிதாக ஒன்றைப் படைக்கவில்லை. எல்லாரும் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்ததை எடுத்துக் காட்டியது.

ஒருவர் தொடங்கிய நூலை மற்றொருவர் முடிப்பதை இக்காலத்துத் திறனாய்வாளர் குறைவாக மதிப்பர். காஞ்சிப் புராணம் இரண்டு காண்டங்களையும் தொடர்ந்து ஓதுவார்க்கு அவ்வெண்ணம் தோன்றுவதில்லை. நடையில் வேறுபாடு உண்டு. ஆசிரியர் நடை தெளிந்து ஓடும். மாணவர் நடை செறிந்து ஆழும். ஆயினும் கோயில் ஒன்றே. கருவறை கட்டியவரும் மண்டபம் எடுத்தவரும் வெவ்வேறு காலத்தவராதல் போல்வதே அது.

கச்சியப்பருடைய ஆற்றல் முழுவதும் வெளிப்பட்டது தம் சொந்தவூர்மேற் பாடிய தணிகைப் புராணத்தில். 3000-க்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்நூலில் களவுப் படலம் என்னும் பகுதியைப் புலவர் தனியாகவே எடுத்துப் போற்றுவர். வள்ளியம்மையார் திருமணத்தை அகப்பொருள் துறைகள் நிரம்ப அமைத்து, கோவை நூல் ஒன்றினைப் புராணத்துள் வைத்தாற்போல அவர் பாடினார். குறிஞ்சித் திணையின் இலக்கணமெல்லாம் குறிஞ்சிக் கிழவனுடைய களவிலேயே பொருந்துமாறு அமைந்தது இயல்பான அழகு. ஆனால் அந்நூல் எளியதன்று. உரையாசிரியர் துணையின்றிப் பல செய்யுட்கள் திறவா. இதனைக் குறையாகச் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. தணிகைமலை ஏறிவரும் அடியார் பலர் அந்நூலின் பெயரையும் அறியாதிருப்பதற்கு அந்நடை ஒரு காரணமே. விநாயக புராணம், பூவாளூர்ப் புராணம், திருவானைக்காப் புராணம், பஞ்சாக்கர அந்தாதி, கச்சி ஆனந்த ருத்திரேசர் வண்டுவிடுதூது முதலாக அவர் இயற்றியவை மேலும் பல.

தணிகை ஆற்றுப்படை ஒன்று பாடியதற்கு வேறொரு காரணம் சொல்வர். கந்தப்பையர் என்னும் மாணாக்கர் கொடிய வயிற்று நோயால் துன்புற்றார். மருந்துகள் பயன்படாத நிலையில் ஆசிரியர் முருகனிடம் ஆற்றுப்படுத்தும் அந்நூலைப் பாட நோய் நீங்கிற்று என்பது வழிவழிக் கூற்று. அக்கந்தப்பையருடைய மக்களே விசாகப்பெருமாளையரும் சரவணப்பெருமாளையரும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னையில் தமிழ்நூல்கள் அச்சேறத் தொடங்கிய காலத்தில் அவ்விருவரும் இலக்கணம் எழுதியும் உரை வகுத்தும் பதிப்பித்தும் ஆற்றிய பணியைத் தமிழறிந்தார் அறிவர். நோய் நீங்கி மாணாக்கர் உயிர்பிழைத்ததால் அச்சுக்காலத்துத் தமிழுக்கு இருவர் கிடைத்தனர்.

கொங்கு நாட்டுக்கு முனிவர் அளித்தது பேரூர்ப் புராணம். 2000-க்கு மேற்பட்ட பாடல்களால் ஆகியது. காமதேனுவின் கன்றாகிய பட்டியின் குளம்புச்சுவடு பதிந்த சிவலிங்கத் திருமேனியின் வரலாறும், கோமுனியும் பட்டிமுனியும் காணப் பெருமான் ஆடியருளிய வரலாறும், பிறவாப் புளியும் இறவாப் பனையும் நிற்கும் தலத்தின் சிறப்பும் இன்று பேரூர் வருவார்க்கெல்லாம் தெரிந்தவையே. தலத்தாரின் வாய்மொழியாகவும் வடமொழி மான்மியமாகவும் சிதறிக் கிடந்த செய்திகள் செந்தமிழ்க் காப்பிய வடிவம் பெற்றது இம்முனிவர் வாக்கினாலேதான்.

அவற்றுள் கொங்கு நாட்டு மக்கள் உள்ளத்துக்கு மிக நெருங்கியது பெருமான் உழவரான வரலாறு. சுந்தரர் பேரூருக்கு வருவதை அறிந்த இறைவர், உமையம்மையாரோடு பள்ளனும் பள்ளியுமாக உருக்கொண்டு வயலில் இறங்கி நாற்று நடத் தொடங்கினார். தாம் இருக்குமிடத்தைச் சொல்லலாகாது என்று நந்திதேவருக்குக் கட்டளை. சுந்தரர் வந்தார், கோயிலில் பெருமானைக் காணாது திகைத்தார். அவர் முகவாட்டத்தைக் காணப் பொறாத நந்திதேவர் வாயாற் சொல்லாமல் கண்ணால் வயலைக் காட்டினார். சுந்தரர் வயலை அடைந்து சேற்றில் நின்ற பெருமானை வணங்கினார். கோயிலுக்கு மீண்ட இறைவர் கையிலிருந்த மண்வெட்டியால் நந்தியின் முகத்தில் அடித்தார்; நந்தி அஞ்சி வேண்ட, அருள்செய்து திருநடனமும் காட்டினார். பேரூரில் ஆனித் திங்களில் நாற்று நடவு விழா நடைபெறுவது இவ்வரலாற்றை ஒட்டியே. தொண்டை நாட்டிற் பிறந்து காவிரிக்கரையிற் கற்றவர் கொங்கு நாட்டு வயலையும் வாய்க்காலையும் உழவரையும் இறைவன் திருவிளையாட்டுக்கு இடமாகக் கண்டு பாடினார். கற்பனையாகத் தாமே ஒரு கதை கட்டியிருந்தால் இவ்வளவு இடம் கிடைத்திராது. அவ்வூர் மண்ணில் ஏற்கெனவே இருந்ததற்கு அவர் வாய் ஆயினார்.

ஆசிரியர் சிவஞான முனிவர் 1785-ல் இறைவன் திருவடி அடைந்தார். அதன்பின் ஐந்தாண்டுகளே கச்சியப்பர் வாழ்ந்தார். 1790-ல் காஞ்சிபுரத்தில் அவரும் பரிபூரணம் எய்தினார்.

அதே 1790-ல் கடல்கடந்த ஜெர்மானிய நாட்டில் இம்மானுவேல் காண்ட் என்னும் தத்துவ ஆசிரியர் அழகுணர்வையும் கலையையும் ஆராய்ந்த பெருநூல் ஒன்றை வெளியிட்டார். ஜீனியஸ் என்னும் சொல்லுக்கு அந்நூல் வகுத்த பொருளே பிற்காலத்துக் கலையுலகை ஆண்டது. அதன்படி மேதைமை என்பது பிறவியிலே அமைந்த திறம்; அதன் வழியாக இயற்கையே கலைக்கு விதி வகுக்கிறது; அதனைக் கற்பிக்கவும் இயலாது, கற்கவும் இயலாது; முன்னில்லாத புதுமையே அதன் முதல் இலக்கணம்; பிறரைப் பின்பற்றுதல் அதற்கு நேர்பகை. நியூட்டன் கண்டதையெல்லாம் பிறர் முறையாகக் கற்றுக்கொள்ளலாம் ஆதலால் அவரைக்கூட இவ்வரிசையில் வைக்க அவர் உடன்படவில்லை. ஆங்கில நாட்டில் எட்வர்டு யங் என்பவர் 1759-லேயே புதுமையை இவ்வாறு உயர்த்தி எழுதியிருந்தார். 1869-ல் பிரான்சிஸ் கால்டன் அதனைக் குடிவழியாக வரும் பண்பு எனக் கணக்கிட முற்பட்டார்.

ஆனால் அச்சொல்லின் பழம்பொருள் வேறு. பண்டை உரோமர்க்கு ஜீனியஸ் என்பது மனிதனைக் குறித்ததன்று. ஒவ்வொருவன் பிறக்கும்போதும் உடன் தோன்றி அவனைக் காக்கும் தெய்வத்தையே அச்சொல் குறித்தது. பிறந்தநாளில் அத்தெய்வத்துக்கு மதுவும் நறும்புகையும் படைத்தனர். ஊருக்கும் இடத்துக்குங்கூட இத்தகைய தெய்வம் உண்டு என நம்பி, அதனைப் பாம்பு வடிவில் வீட்டுச் சுவர்களில் தீட்டி வழிபட்டனர். ஒருவனிடம் அத்தெய்வம் இருக்கிறது என்று சொல்லி வந்த வழக்கு, பல நூற்றாண்டுகள் கழித்து, அவனே அத்தெய்வம் என்பதாகத் திரிந்தது. வீட்டு விருந்தினன் வீட்டுக்காரன் ஆன கதையே இது.

இட்ட பெயர் வேறாயினும் இவ்வாராய்ச்சி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. காஞ்சியோடு தொடர்புடையவராகச் சொல்லப்படும் தண்டியாசிரியர் வடமொழியில் இயற்றிய அணிநூலில், கவிதை பிறக்கும் காரணங்களாக இயல்பிலே அமைந்த பிரதிபை, தூய பல்நூற் கேள்வி, விடாத பயிற்சி ஆகிய மூன்றையும் சேர்த்தே கூறினார். முன்னது குறைந்தாரும் பின்னிரண்டால் கலைமகளை வழிபட்டால் அவள் ஓரளவு அருளாமற் போகாள் என்று அவர் உடன்பட்டது கருதத்தக்கது. அவர் வாழ்ந்த நகரிலேயே கச்சியப்பர் இறுதி நாளைக் கழித்தார். சைவ சித்தாந்தமோ இன்னும் ஒரு படி உள்ளே செல்கிறது. ஆணவ இருளில் அழுந்திய உயிர் தானாக ஒன்றையும் செய்ய மாட்டாது. மாயையினின்று தோன்றிய கலை என்னும் தத்துவம் அவ்விருளைச் சிறிதே விலக்கி உயிரின் செயலாற்றலைக் கிளர்த்துகிறது. வித்தை என்பது அறிவை விளக்குகிறது. அராகம் விருப்பை எழுப்புகிறது. கலை என்று நுண்தொழிலுக்கு வழங்கும் சொல்லும் இத்தத்துவத்துக்கு வழங்கும் சொல்லும் ஒன்றாயிருப்பது எண்ணி மகிழத்தக்கது. விளக்கேற்றுவோன் இறைவன், ஏற்றும் கை குருவின் கை, எண்ணெயும் திரியுமே மாணவனுடையவை. அவையும் இல்லாவிடின் ஏற்றுதற்கு ஒன்றுமில்லை. கச்சியப்பர் அவற்றைக் குறைவறச் சேர்த்து வைத்திருந்தார்.

19ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) கச்சியப்பர் நூல்களில் பேரன்பு கொண்டு மாணவர்களுக்குப் பாடஞ் சொன்னார். தாமும் தலபுராணங்கள் பல பாடினார். அவருடைய மாணவர் உ. வே. சாமிநாதையர் வழியாக அவ்வன்பின் செய்தி இக்காலத்தார்க்குக் கிடைத்தது. அதன்பின் ஆங்கிலக் கல்வி பெருகியபோது மேதை என்னும் சொல் காண்ட் வகுத்த பொருளையே பெரும்பாலும் ஏற்றது. அதனால் சங்கப் பாடல்களுக்கும் கம்பருக்கும் பாரதியாருக்கும் கிடைத்த இருக்கை தலபுராணங்களுக்குக் கிடைக்கவில்லை. பழையதைத் திரும்பச் சொல்பவை, ஒரே வாய்பாட்டில் நாட்டுப் படலமும் நகரப் படலமும் அமைப்பவை என அவை ஒதுக்கப்பட்டன. ஒதுக்கியவர்மேல் மட்டும் பழிசொல்வதற்கில்லை. செல்வர் பொருள் கொடுக்க, ஒரு திங்களில் ஆயிரம் விருத்தம் கட்டிக் கொடுத்த புலவரும் இருந்தனர். ஊர்ப்பெயரை மாற்றினால் வேறூர்ப் புராணமாகிவிடும் நூல்களும் உள. அவற்றோடு பேரூர்ப் புராணத்தையும் ஒரே மூட்டையிற் கட்டி மூலையில் வைத்ததுதான் தவறு. பேரூரை எடுத்துவிட்டால் அந்நூலில் ஒன்றும் எஞ்சாது. அவ்வளவு ஆழமாக அது அவ்வூரில் வேரூன்றியது.

முன்னாளில் திருக்கோயில் மண்டபங்களில் மாலைதோறும் ஒருவர் புராணச் செய்யுளை இசையோடு படிக்க, மற்றொருவர் பொருள் விரிப்பர். எழுத்தறியாத உழவரும் நெசவாளரும் தூண்சார்ந்து அமர்ந்து கேட்டே தணிகைப் புராணத்தையும் பேரூர்ப் புராணத்தையும் தமதாக்கிக்கொண்டனர். அருஞ்செய்யுள் என்பது அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை. பொருள் சொல்ல ஒருவர் இருந்தார். அவ்வழக்கம் பல ஊர்களில் நின்றுவிட்டது. குடமுழுக்குக்குப் பொருளுதவும் அன்பர்கள் கோபுரத்துக்கும் தளவரிசைக்கும் மனமுவந்து கொடுப்பது போலப் புராணப் படனத்துக்கும் ஒரு கட்டளை வைத்தால், அதற்கு ஆகும் செலவு ஒரு கலசத்தின் விலைக்கும் குறைவே.

பேரூர்க் கனகசபை 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் குடியினராகிய அளகாத்திரி நாயக்கரால் எடுப்பிக்கப்பெற்றது. அங்குள்ள தூண்களில் ஊர்த்துவ தாண்டவரும், யானையுரி போர்த்த பெருமானும், அகோர வீரபத்திரரும், ஆலங்காட்டுக் காளியும் கல்லென்று நம்ப இயலாதவாறு நிற்கின்றனர். மேல்தளத்திலிருந்து கற்சங்கிலி தொங்குகிறது. கட்டுவித்தவர் பெயர் எல்லார்க்கும் தெரியும். அக்கல்லில் நரம்பும் நகமும் வரச் செதுக்கிய சிற்பிகளின் பெயரை அங்கு யாரும் சொல்வதில்லை. கச்சியப்ப முனிவர் பேரூர்ப் புராணத்தைப் பாடிய நாளில் அத்தூண்கள் ஏறத்தாழ நூறாண்டு கடந்து நின்றன. வலம்வருவோர் நந்தியின் முகத்தருகே சிறிது நின்று, மண்வெட்டி பட்ட இடம் எது என்று குழந்தைகளுக்குக் காட்டிச் செல்கின்றனர்.